சென்னையோடு கைமாறிய கோட்டையில் ஒரு கோடைக்கால வேலை

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவில், அட்லாண்டிக் கடலோரமாக லூயிஸ்பர்க் என்ற கோட்டை நகரம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜூலை மாதக் காலையில் அதன் வாயிலில் நின்றிருந்தேன். கடல்மூட்டம் இன்னும் விலகவில்லை. சாம்பல் கலந்த வெண்ணிற மேலங்கியும் நீலநிறக் கால்சட்டையும் அணிந்து, நீண்ட துப்பாக்கி ஏந்திய இளைஞர் ஒருவர் வழிமறித்தார். 'எங்கிருந்து வருகிறீர்கள்? ஆங்கிலேயரின் உளவாளிகள் இல்லையே?' என்று உரத்த குரலில் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற சிறுவன் தன் தந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அந்த இளைஞர் உண்மையில் ஒரு பல்கலைக்கழக மாணவர். செப்டம்பரில் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார். அதுவரை பகல் முழுவதும் அவருக்கு ஆண்டு 1744.

நான் அங்கு சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் அந்த மாகாணத்தில் குடியேறியிருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்த அந்த விடுமுறையில், கோட்டைக்குள் ஒரு வணிகர் வீட்டின் பணிப்பெண் வேடத்தில் வேலை பார்த்தார். 'தாத்தா, மதிய உணவு இடைவேளையில்தான் என்னால் உங்களோடு பேச முடியும். அதற்கு முன்னால் வந்தால் தெரியாதவர்போலத்தான் நடந்துகொள்வேன்' என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். அப்படியே நடந்தும் கொண்டார். கணப்பு அடுப்பின் முன் அமர்ந்து, புகையில் கண் கலங்க, பருப்புக் கஞ்சியைக் கிளறியபடி, 'இந்த ஆண்டு மீன் வரத்து எப்படி, ஐயா?' என்று என்னையும் ஒரு கப்பல் வணிகராகப் பாவித்து விசாரித்தார்.

வேலைவாய்ப்புப் பொருளியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த எனக்கு, அந்த வேலையைப் பற்றி அன்று எழுந்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பழங்காலத்து ஆடை அணிந்து கதை சொல்ல ஓர் அரசு ஏன் மாணவர்களுக்கு ஊதியம் தர வேண்டும்? அதனால் யாருக்கு என்ன பயன்? விடை தேடும்போது, அந்தக் கோட்டையின் கதை நம் சென்னைக் கோட்டையின் கதையோடு பின்னிக் கிடப்பதையும் கண்டேன்.

விளக்குநர் என்பவர் யார்?

அந்த வேலைக்கு வரலாற்று விளக்குநர் என்று பெயர். வழிகாட்டி என்று நாம் அழைப்பவரின் பணியும் இதுவும் ஒன்றல்ல. வழிகாட்டி நம்மை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அழைத்துச் சென்று, ஆண்டுகளையும் அளவுகளையும் ஒப்பிப்பார். விளக்குநர் ஓர் இடத்தில் நிலைகொண்டு, அக்காலத்து வேலை ஒன்றைச் செய்துகொண்டே, வருவோரின் கேள்விகளுக்கு விடை தருவார். ரொட்டி சுடுவது, இரும்பு அடிப்பது, சரிகை பின்னுவது, பீரங்கியில் மருந்து கெட்டிப்பது என ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும்.

அவர் பேசும் முறை இருவகைப்படும். முதல் வகையில், அவர் அக்காலத்து மனிதராகவே பேசுவார். 1744-ஆம் ஆண்டுக் கோடையில் வாழும் படைவீரனுக்கு, அடுத்த ஆண்டு வரப்போகும் முற்றுகை தெரியாது. ரயிலும் மின்சாரமும் தெரியாது. இரண்டாம் வகையில், ஆடை மட்டுமே பழையது. பேச்சில் அவர் இன்றைய மனிதர். 'அவர்கள் இப்படிச் செய்தார்கள். இது எங்களுக்கு இந்த ஆவணத்திலிருந்து தெரியவருகிறது' என்பார். முதல் வகை குழந்தைகளைக் கவரும். இரண்டாம் வகை கேள்வி கேட்கத் துணிவைத் தரும். நல்ல விளக்குநர் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்வார்.

இத்துறைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஃப்ரீமன் டில்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1957-இல் வெளியான தம் நூலில் அவர் ஆறு நெறிகளைக் கூறினார். தகவல் மட்டுமே விளக்கம் ஆகிவிடாது என்பதும், பார்வையாளரின் சிந்தனையைத் தூண்டுவதே விளக்கத்தின் முதன்மை நோக்கம் என்பதும் அவற்றுள் அடங்கும். வகுப்பறையில் நின்ற எவருக்கும் இது புரியும். பாடத்தை ஒப்பித்துவிட்டு வெளியேறும் நாளும், ஒரு மாணவர் எழுந்து எதிர்க்கேள்வி கேட்கும் நாளும் ஒன்றாகா.

நம் மரபில் இதற்கு நெருக்கமான ஒரு சொல் உண்டு, துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். கடலோர வணிக நகரங்களில் ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்றவர்கள் துபாஷிகள். வரலாற்று விளக்குநரும் ஒரு துபாஷியே. அவர் இரண்டு காலங்களுக்கு இடையே நிற்கிறார்.

மீனும் போரும்

லூயிஸ்பர்க்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1713-ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையால் நியூஃபவுண்ட்லாந்தையும் அகேடியாவையும் இழந்த பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் வசம் எஞ்சிய கேப் பிரெட்டன் தீவில் இந்த நகரத்தை அமைத்தார்கள். அரசர் பதினான்காம் லூயியின் பெயரே நகரின் பெயரானது. அதன் செல்வம் காட் மீன். பிடித்த மீனை உப்பிட்டு, கடற்கரையில் பரண் அமைத்து உலர்த்தி, ஐரோப்பாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். இன்றைய கனடா நிலப்பரப்பின் முதல் கலங்கரை விளக்கம் 1734-இல் இத்துறைமுகத்தில்தான் ஒளிவிட்டது.

1744-இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் போர் மூண்டது. மறு ஆண்டு, நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களிலிருந்து திரண்ட சுமார் நாலாயிரம் தன்னார்வப் படையினர், வில்லியம் பெப்பரெல் என்ற வணிகரின் தலைமையில், பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு ஏழு வாரங்களுக்குள் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னரும் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, விவரம் அறியாமல் துறைமுகத்தை நாடி வந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களைச் சரக்கோடு பிடித்தார்கள். கீழை நாடுகளிலிருந்து தாயகம் திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் அங்கு வந்து சேர்ந்தன என்பதே, அக்காலத்து உலக வணிகம் எத்தனை விரிந்திருந்தது என்பதற்குச் சான்று.

அதே போரின் மறுமுனை நம் கடற்கரை. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. அங்கு எழுத்தராக இருந்த இளம் ராபர்ட் கிளைவ், மாறுவேடத்தில் தப்பிக் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்குச் சென்றார். சென்னை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது.

1748 அக்டோபரில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷாப்பெல் உடன்படிக்கை, வென்றவற்றைத் திருப்பித் தரும் உடன்படிக்கை. ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்த பகுதிகளும் அந்தக் கணக்கில் இருந்தன. கடல் கடந்த நிலங்களைப் பொறுத்தவரை, பிரான்சுக்கு லூயிஸ்பர்க், பிரிட்டனுக்குச் சென்னை என்பதே பேரம். 1749-இல் இரு கோட்டைகளும் கைமாறின. மீன் உலர்த்தும் பனிநாட்டுத் துறைமுகம் ஒன்றும், துணி ஏற்றும் வெயில்நாட்டுத் துறைமுகம் ஒன்றும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைக்கப்பட்டன. கேப் பிரெட்டனின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களையோ, சென்னையின் நெசவாளர்களையும் வணிகர்களையுமோ எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பொருளியல் மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் ஒரு செய்தியும் இதில் உண்டு. உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை திருப்பித் தரப்பட்டதால் நியூ இங்கிலாந்து மக்கள் கொதித்தார்கள். படையெடுப்புச் செலவை ஈடுகட்ட, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மாசசூசெட்ஸுக்கு வெள்ளி, செப்பு நாணயங்களைக் கப்பலில் அனுப்பியது. அந்த நாணயங்களைக் கொண்டே அக்குடியேற்றம், மதிப்பிழந்துகொண்டிருந்த தன் காகிதப் பணத்தைத் திரும்பப் பெற்றது. தொலைதூரக் கோட்டை ஒன்றின் விதி, பாஸ்டன் நகரக் கடைக்காரரின் கல்லாப்பெட்டி வரை சென்று சேர்ந்தது.

பத்தாண்டுகூட முழுதாகச் செல்லவில்லை. 1758 ஜூலையில் பிரிட்டிஷார் லூயிஸ்பர்க்கை மீண்டும் பிடித்தார்கள். இனியொரு முறை திருப்பித் தரும் நிலை வரக்கூடாது என்று எண்ணி, 1760-இல் அரண்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1761 ஜனவரியில் வீழ்ந்த புதுச்சேரிக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

சுரங்கத் தொழிலாளர் எழுப்பிய நகரம்

இரண்டு நூற்றாண்டுகள் அந்த இடம் புல் மூடிய கல்மேடாகக் கிடந்தது. அதற்கு மறுவாழ்வு தந்தது வரலாற்று ஆர்வம் மட்டுமன்று, வேலையின்மையும்தான். கேப் பிரெட்டன் தீவின் வாழ்வாதாரமாக விளங்கிய நிலக்கரிச் சுரங்கங்கள் 1950-களில் நலிவடைந்தன. நீதிபதி ஐவன் ராண்ட் தலைமையில் அமைக்கப்பட்ட நிலக்கரி விசாரணை ஆணையம், வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மாற்றுப் பணியாகக் கோட்டை நகரை மீட்டெழுப்பலாம் என்று 1960-இல் பரிந்துரைத்தது. 1961-இல் கூட்டரசு அதனை ஏற்றது.

நிலத்துக்கடியில் கரி வெட்டிய கைகள், கல் செதுக்கவும் சுவர் எழுப்பவும் மரம் இழைக்கவும் பயிற்சி பெற்றன. ஆய்வாளர்கள் பிரான்ஸ் முதலிய நாடுகளின் ஆவணக் காப்பகங்களிலிருந்து சுமார் ஏழரை லட்சம் பக்க ஆவணங்களையும் நூற்றுக்கணக்கான வரைபடங்களையும் படியெடுத்தார்கள். யார் வீட்டில் எத்தனை நாற்காலி, எந்த வணிகருக்கு எவ்வளவு கடன் என்பதுவரை அவற்றில் இருந்தது. அகழாய்வில் கிடைத்த அடித்தளங்களின் மேலேயே கட்டடங்கள் எழுந்தன. பழைய நகரின் ஏறத்தாழ கால் பங்கு இவ்வாறு மீண்டும் உருவானது. எஞ்சிய முக்கால் பங்கு இன்றும் இடிபாடாகவே விடப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு நேர்மைதான்.

கனடாவுக்கு இது புதிய வழியன்று. 1930-களின் பெருமந்த காலத்தில், ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டன் நகரில் ஹென்றி கோட்டையை நிவாரணப் பணியாகவே சீரமைத்தார்கள். 1938 ஆகஸ்ட் முதல் நாளில் அது திறக்கப்பட்டபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படையினரின் சீருடையில் அணிவகுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். கட்டடப் பணி முடிந்ததோடு வேலைவாய்ப்பு முடியவில்லை. உள்ளே நின்று பேசுவோருக்கு ஆண்டுதோறும் வேலை தொடர்ந்தது. கல்லும் சுண்ணாம்பும் ஒருமுறைச் செலவு. மனிதக் குரல் தொடர் செலவு. அந்தத் தொடர் செலவை ஏற்க முன்வந்ததில்தான் அவர்களின் தெளிவு இருக்கிறது.

ஊதியக் கணக்கு

இந்த வேலையின் பொருளியல் எளியது. கனடாவில் பல்கலைக்கழக வகுப்புகள் ஏப்ரலில் முடிந்து செப்டம்பரில் தொடங்கும். சுற்றுலாப் பயணிகள் வருவதும் அந்த மாதங்களில்தான். உழைப்பின் வரத்தும் தேவையும் ஒரே பருவத்தில் சந்திக்கின்றன. மாணவர்களைப் பணியமர்த்தக் கூட்டரசுத் துறைகளுக்கெனத் தனித் திட்டம் உண்டு. லாப நோக்கமற்ற அருங்காட்சியகங்கள் போன்றவை கோடைக்காலத்தில் இளைஞர்களை அமர்த்தினால், குறைந்தபட்ச ஊதியத்துக்கு நிகரான தொகைவரை அரசு மானியம் அளிக்கும் திட்டமும் இருக்கிறது.

ஆனால், எளிதில் தீராத ஒரு சிக்கலும் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய பொருளியலறிஞர்கள் 1966-இல் நிகழ்கலைகளைப் பற்றி எழுதிய ஆய்வில் அதனை விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருள்களின் அளவு ஆண்டுதோறும் பெருகுகிறது; அதற்கேற்ப ஊதியமும் உயர்கிறது. நால்வர் சேர்ந்து இசைக்கும் ஓர் இசைக்கோவைக்கோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் வேண்டும்; இன்றும் நால்வரே வேண்டும். வேகமாக வாசித்து நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. ஆயினும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கு நிகராக ஊதியம் உயர்த்தியாக வேண்டும். எனவே இத்தகைய பணிகளின் ஒப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகும். ஒரு குழந்தைக்கு ரொட்டி அடுப்பைக் காட்டி விளக்கும் பத்து நிமிடமும் அத்தகையதே.

நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான். ஆளுக்குப் பதிலாக ஒரு பலகை, பலகைக்குப் பதிலாக ஒரு ஒலிக்கருவி, அதற்கும் பதிலாகக் கைப்பேசிச் செயலி என்று வாதம் நகரும். பலகைக்கு ஓய்வூதியம் வேண்டாம், மழைக்கு ஒதுங்காது என்பதெல்லாம் உண்மை. ஆனால், பலகையிடம் கேள்வி கேட்க முடியாது. கேட்டவரின் வயதையும் ஆர்வத்தையும் பார்த்து விடையை மாற்றிக்கொள்ளவும் அதனால் இயலாது.

பயன் பார்வையாளருக்கு மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் விடுதிகளும் உணவகங்களும் அந்த வருகையால் பிழைக்கின்றன. நுழைவுச் சீட்டு வருவாயில் தென்படாத இத்தகைய நன்மைகளைப் பொருளியலில் புறவிளைவுகள் என்கிறோம். மாணவரோ, ஊதியத்தோடு வேறொன்றையும் பெற்றுச் செல்கிறார். முன்பின் அறியாத மனிதர்களிடம் தயக்கமின்றிப் பேசுவது, ஒரே கேள்வியை நாளுக்கு ஐம்பது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமலிருப்பது, ஆதாரம் இல்லாததைச் சொல்லாதிருப்பது ஆகியவை எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண்ணாக மாறுவதில்லை. ஆயினும் பணியமர்த்துவோர் தேடுவது இவற்றைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பருவகால வேலை குடும்பத்தைத் தாங்காது. நிலக்கரிச் சுரங்கம் தந்த நிரந்தர ஊதியத்துக்கு நான்கு மாத மாணவர் வேலை ஈடாகாது. தங்கள் மகன் பகட்டான சீருடையில் பயணிகளுக்கு முன்னால் துப்பாக்கி சுடுவதைப் பார்த்துப் பெருமூச்செறிந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் அத்தீவில் இருந்திருப்பார்கள். கோட்டை ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் முழுவதையும் மீட்டுவிடும் என்று எவரும் வாக்களிக்கக்கூடாது. செலவழித்த தொகைக்கு உரிய பயனைத் தருகிறதா என்பதே நியாயமான கேள்வி. தருகிறது என்பது என் முடிவு.

கசப்பையும் சொல்லும் துணிவு

மதிய இடைவேளையில் மாணவரின் மகள் தம் வெள்ளைத் தலைத்துணியைக் கழற்றிவிட்டு, மதிற்சுவர் ஓரமாக என்னோடு அமர்ந்தார். கோட்டையின் அடுமனையில் விற்கும் ரொட்டியை இருவரும் பிய்த்துத் தின்றோம். ஆறு பவுண்டு எடையுள்ள அத்தகைய ஒரு ரொட்டிதான் அன்றைய படைவீரனுக்கு நான்கு நாள் படி. பற்களுக்கு அது நல்ல பயிற்சி.

'அடிக்கடி கேட்கும் கேள்வி எது?' என்றேன். அவர் சிரித்தார். 'இந்த உடை வியர்க்கவில்லையா, அது உண்மையான நெருப்பா என்று கேட்பார்கள். அதற்கடுத்து, நீ எந்த ஊர், உண்மையில் எந்த ஊர் என்று கேட்பார்கள்.'

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நகரில் கறுத்த நிறத்துப் பணிப்பெண் எப்படி என்பதே அக்கேள்வியின் உட்பொருள். தொடக்கத்தில் மனம் சுருங்கியதாகச் சொன்னார். பிறகு பயிற்சிக்குத் தந்த ஆய்வேடுகளைப் படித்தபோது அவருக்கு விடை கிடைத்தது. அந்தத் தீவில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் வாழ்ந்ததை வரலாற்றாளர்கள் பெயர்ப் பதிவுகளிலிருந்து கண்டறிந்திருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர்.

அவர்களுள் ஒருவர் மரி மார்கரித் ரோஸ். ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் பிறந்தவர். 1736-இல் லூயிஸ்பர்க்கின் அதிகாரி ஒருவர் அவரை விலைக்கு வாங்கினார். பத்தொன்பது ஆண்டுகள் அடிமையாக இருந்து, 1755-இல் விடுதலை பெற்றார். மிக்மாக் இனத்தவர் ஒருவரை மணந்து, தம் பழைய எசமானர் வீட்டுக்கு அருகிலேயே ஓர் உணவு விடுதி நடத்தினார். 1757-இல் மறைந்தார். கனடா அரசு 2008-இல் அவரைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவராக அறிவித்தது. ஆளுநரையும் தளபதியையும் போலவே, இரண்டாண்டு மட்டும் சுதந்திரமாக வாழ்ந்த ஒரு விடுதிக்காரிக்கும் அந்தக் கோட்டையில் இப்போது இடம் உண்டு.

'அதனால், அப்படிக் கேட்பவர்களிடம் இப்போது மரி மார்கரித் ரோஸின் கதையைச் சொல்கிறேன். அதன் பிறகும் நான் எந்த ஊர் என்று கேட்டால், இந்தக் கோட்டையைக் கொடுத்து எந்த ஊரை வாங்கினார்களோ அந்த ஊர்தான் என் பாட்டியின் ஊர் என்பேன். பெரும்பாலோர் அதைக் கேட்டதில்லை. அதற்குமேல் இருபது நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்' என்றார்.

அந்தக் கோட்டையில் மறைக்க முயலாத இன்னொரு கதையும் உண்டு. 1744 டிசம்பரில் அங்கிருந்த படைவீரர்கள் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தார்கள். அழுகிய காய்கறிப் பங்கீடு அவர்களின் குறைகளுள் ஒன்று. வாயிலில் என்னை மறித்த அந்த மாணவர், பிற்பகலில் வேடத்தைக் களைந்த குரலில் அதையும் விளக்கினார். கோட்டை என்றால் வீரம் மட்டுமே என்று எண்ணி வருபவர்கள், பசியையும் கடனையும் குளிரையும் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

நம் கோட்டையில் யார் பேசுவார்?

இனிச் சென்னைக்கு வருவோம். தராசின் மறுதட்டில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டை இடியவில்லை. சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் அதற்குள் இயங்குகின்றன. ஆனால், 1746-இல் அங்கே நடந்ததை அந்த மண்ணில் நின்று ஒரு பள்ளி மாணவருக்கு எடுத்துச் சொல்லத் தினமும் ஆள் இருக்கிறதா? கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் அந்தப் போரை அடுத்து இடித்து அகற்றப்பட்டதும், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதி அதன் நிலம் என்பதும் அவ்வழியே நாள்தோறும் செல்லும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நமக்கு ஆவணப் பஞ்சமும் இல்லை. லூயிஸ்பர்க்கின் ஆய்வாளர்கள் கடல் கடந்து சென்று பிரெஞ்சுக் காப்பகங்களைத் துருவ வேண்டியிருந்தது. நம்மிடமோ ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் இருந்து அவர் எழுதியவற்றில், சென்னை வீழ்ந்த செய்தியும், லா பூர்தொனேவுக்கும் டூப்ளேவுக்கும் இடையே மூண்ட பூசலும், சந்தைப் பேச்சும் விலைவாசியும் பதிவாகியிருக்கின்றன. கைமாறிய அந்தக் கோட்டையைப் பற்றி உள்ளூர்க் குரல் ஒன்று நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. அந்தக் குரலை நூலகத்திலிருந்து கோட்டை முற்றத்துக்குக் கொண்டுவர ஒரு மாணவர் போதும்.

அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதை அறிவேன். நம் கோடை விடுமுறை வெயிலின் உச்சம். கம்பளி மேலங்கி அணிந்து கோட்டை முற்றத்தில் நிற்க யாரையும் சொல்ல முடியாது. புனித ஜார்ஜ் கோட்டை அரசு இயங்கும் இடமாதலால் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆனால், வேடம் இன்றியமையாததன்று, விளக்கமே இன்றியமையாதது. அருங்காட்சியகத்துக்குள் காலை நேரத்திலும், வார இறுதிகளிலும், டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் வரலாறு, பொருளியல், தமிழ் பயிலும் மாணவர்கள் சிலரை உரிய பயிற்சியோடும் உரிய ஊதியத்தோடும் அமர்த்திப் பார்க்கலாம். ஊதியம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சான்றிதழ் மட்டும் தந்து வேலை வாங்கினால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். விடுமுறையில் கடையிலோ வயலிலோ வேலை செய்து கல்லூரிக் கட்டணம் சேர்க்கும் மாணவருக்கு, ஊதியமில்லாப் பயிற்சியின் வாய்ப்புச் செலவு மிக அதிகம்.

முதலில் ஒரே ஒரு கோட்டையில், ஒரே ஒரு பருவத்தில் தொடங்கினால் போதும். வந்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை பேர் மறுமுறை வந்தார்கள் என்று கணக்கெடுத்து, பயன் உண்டெனில் தரங்கம்பாடிக்கும் வேலூருக்கும் செஞ்சிக்கும் விரிவாக்கலாம். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை, அங்கேயே நின்று, அவர்கள் வயதையொத்த ஓர் இளைஞர் சொல்வதற்கு ஈடாக எந்தப் பாடநூல் இருக்க முடியும்?

அன்று மாலை கோட்டை வாயில் மூடும் நேரத்தில், பணிப்பெண் உடையைக் களைந்து, தோளில் ஒரு பையோடு அந்தப் பெண் வெளியே வந்தார். 'நாளைக்கு எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, தாத்தா. சென்னை பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். 1746-இல் அங்கே சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. படிக்க ஏதாவது சொல்லுங்கள்' என்றார். ஊர் திரும்பியதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கும் விவரத்தைத் தேடி அவருக்கு எழுதினேன். சென்னையின் கதையைச் சொல்ல லூயிஸ்பர்க்கில் ஒருவர் ஆயத்தமாகிவிட்டார். சென்னையிலும் ஒருவரை ஆயத்தப்படுத்த வேண்டியது நம் பொறுப்பு.